றால் படாத பொதி

மயிலிட்டியில் பிறந்த ஸ்ரெல்லாவைக் குருநகரில் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடந்தபோது, அவளுடைய தகப்பன் இன்னாசித்தம்பி மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் ஒளிக்கவில்லை.

"பிள்ளைக்கு றாலும் நண்டும் ஒத்துவராது. மீன் தின்னுவாள், கருவாடு தின்னுவாள். றால் மட்டும் வாயிலை படக்கூடாது. பட்டால் மூச்சு அடைச்சுப் போடும். சின்னனிலை ரெண்டுதரம் சாவுமட்டும் போய்த் திரும்பி வந்தவள்."

மாப்பிள்ளை அடைக்கலநாதன் தலையை ஆட்டினான். அவனுடைய தாய் செபஸ்தியம்மா சிரித்தாள்.

"கிரந்தி ஆருக்குத்தான் இல்லைச் சம்பந்தி? எனக்கும் கத்தரிக்காய் திண்டால் கை கடிக்கும். அதுக்காக விட்டனானோ? பழகினால் சரிவரும்."

மயிலிட்டியில் இருந்தவரைக்கும் ஸ்ரெல்லாவுக்கு அது பெரிய பாடாக இருந்ததில்லை. அங்கே ஆழ்கடலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். பாரையும் அறக்குளாவும் வந்து இறங்கும். றால் எப்போதாவதுதான் வீட்டுக்கு வரும், தாய் அதை வாங்காமலே விட்டுவிடுவாள். குருநகர் அப்படியில்லை. கடலேரியில் வலை வைத்தால் றால்தான் காசு. எண்பத்துநாலாம் ஆண்டு தை மாதம் கலியாணம் முடிந்து அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது முற்றத்துப் பாயில் றால் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் றாலும் நண்டும் போட்ட கூழ் கொதித்தது. அந்த ஆவி பட்டே அவளுக்குக் கண் கடித்தது. புது மருமகள் கூழுக்குக் கை நீட்டாமல் வெறும் புட்டும் சம்பலும் தின்றதை அயலட்டை முழுக்கப் பார்த்தது. "மயிலிட்டிக்காரிக்கு எங்கடை கூழ் இறங்காதாம்" என்று ஒருத்தி சொன்னது அவளுடைய காதிலும் விழுந்தது.

அந்த வருடம் ஆடித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனார்கள். கலியாணத்துக்கு முதலே செபஸ்தியம்மா நேர்ந்து வைத்திருந்த நேர்த்தி அது. பரந்தனுக்கு அங்கால் ஒரு தேத்தண்ணிக் கடையில் பஸ் நின்றது. கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் றால் வடை, மற்றப் பக்கம் வெறும் கடலை வடை. அடைக்கலநாதன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். செபஸ்தியம்மா கடலை வடையை வாங்கி வந்து மருமகளின் கையில் வைத்தாள்.

"மாமி, இதோடை றாலும் பொரிச்சிருப்பினமோ?"

"எண்ணெய்க்குள்ளை என்ன றால் நீந்துதோ? தின் பிள்ளை. விடியலிலை இருந்து வெறும் வயிறு."

மாமியின் முகத்தை முறிக்க ஸ்ரெல்லாவுக்கு மனம் வரவில்லை. பாதி வடைதான் தின்றாள். பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போகவில்லை, உதடு தடித்தது. பிறகு கண்மடல். பிறகு தொண்டைக்குள் யாரோ விரலை விட்டு நெரிப்பதுபோல இருந்தது. அவள் புருசனின் சேட்டைப் பிடித்து இழுத்தாள். சத்தம் வரவில்லை. அடைக்கலநாதன் அவளைத் தூக்கிக்கொண்டு எழும்பி, பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லிக் கத்தினான். றைவர் நிற்பாட்டாமல் நேரே வழியிலிருந்த ஆஸ்பத்திரிக்கே ஓட்டிக்கொண்டு போனார். ஊசி போட்ட டொக்டர் அடைக்கலநாதனை வெளியில் கூப்பிட்டு, "றால் பொரிச்ச எண்ணெயும் றால்தான், றால் வெட்டின கத்தியும் றால்தான், இவவுக்கு. இன்னும் கொஞ்ச நேரம் பிந்தியிருந்தால் பிரேதமாய்த்தான் கொண்டு வந்திருப்பியள்" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற செபஸ்தியம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மடுவில் மாதாவின் முன்னால் அவள் முழந்தாளில் நின்று அழுத அழுகைக்குக் காரணம் அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும் என்று அடைக்கலநாதன் பிறகு பகிடியாகச் சொல்லுவான். அவள் மருமகளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பின அன்று வீட்டிலிருந்த சட்டி பானை முழுவதையும் சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்த்தாள். பிறகு, தேய்த்தும் நம்பிக்கை வராமல், அவற்றை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் புதுச்சட்டி வாங்கினாள். குருநகரில் றால் சமைக்காத வீடு என்று ஒன்று அன்றைக்குத்தான் உண்டானது.

அடைக்கலநாதன் றால் பிடிப்பதை விடவில்லை. விட்டால் என்ன தொழில்? ஆனால் கரைக்கு வந்ததும் கடற்கரைக் கிணற்றடியில் சவுக்காரம் போட்டுக் குளித்து, வேறு சாரம் மாற்றி, நகத்துக்குள்ளும் தேங்காய்த் தும்பால் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். கூட்டாளிமார் "மாப்பிள்ளை இண்டைக்கும் பூசைக்கு வெளிக்கிடுறார்" என்று நையாண்டி பண்ணுவார்கள். அவன் சிரித்துக்கொண்டு தேய்ப்பான். ஆராவது செத்த வீட்டிலோ கலியாண வீட்டிலோ கையைப் பிடித்துச் சாப்பிடச் சொன்னால் ஸ்ரெல்லா தடுமாறுவாள். அவன் நடுவில் வந்து, "அவவுக்கு வயித்துக் குத்து" என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். பயணம் என்றால் இன்னும் மோசம். எந்தக் கடையில் ஏறினாலும் குசினி வரைக்கும் போய்ச் சட்டியை எட்டிப் பார்ப்பான். ஒரு கடைக்காரன், "நீர் சாப்பிட வந்தனீரோ, சோதினை போட வந்தனீரோ?" என்று கேட்டுத் துரத்தியும் இருக்கிறான்.

பிள்ளை பிறக்கவில்லை. செபஸ்தியம்மா அதைப்பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது மயிலிட்டி முழுக்க வெளிக்கிட்டது. இன்னாசித்தம்பி அகதியாக இருந்த பள்ளிக்கூடத்திலேயே கண்ணை மூடினார். குருநகரிலும் ஷெல் விழுந்தது. மூன்று பேரும் நீர்வேலிக்குப் போய், பஞ்சலிங்கம் என்ற தோட்டக்காரரின் வாழைத் தோட்டத்து மூலையிலிருந்த கொட்டிலில் ஒதுங்கினார்கள். கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்கள், வருடக் கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார்கள். கடலில் இறங்கினால் நேவி சுடும். அடைக்கலநாதன் மண்வெட்டி பிடிக்கப் பழகினான். வாழைக்குப் பாத்தி கட்டினான், குலை வெட்டினான், சைக்கிளில் கட்டிச் சந்தைக்குக் கொண்டு போனான். "இப்பதான் சோலியில்லை, கையிலை றாலே படுறேல்லை" என்று ஸ்ரெல்லாவிடம் சொல்லுவான். சொல்லும்போது முகம் கடல் இருக்கிற பக்கம் திரும்பும்.

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு மாரி தொடங்க அவனுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. முதலில் குலை தூக்கும்போது. பிறகு சைக்கிள் மிதிக்கும்போது. பிறகு பாயில் நீட்டி நிமிர்ந்து படுக்கவே முடியவில்லை, சுவரில் சாய்ந்து இருந்தபடி நித்திரை கொண்டான். டொக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு வால்வு பழுது என்றும், கொழும்புக்குக் கொண்டு போனால் ஒப்பரேசன் செய்யலாம் என்றும் சொன்னார். அடுத்த வருடத் தொடக்கத்தில் சண்டை நிறுத்தம் வந்தது. கிளாலியில் பயப்படாமல் வள்ளம் ஏறலாம் என்று சனம் கதைத்தது. பஞ்சலிங்கம் அலைந்து திரிந்து, புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் வெளியேற இயக்கத்தின் பாஸ் எடுத்துக் கொடுத்தார். செபஸ்தியம்மா பிணையாக நிற்க வேண்டும், மற்ற இரண்டு பேரும் போகலாம் என்று ஆனது.

பிறகுதான் சாப்பாட்டுக் கதை வந்தது.

கிளாலிக் கடலைத் தாண்டினால் வவுனியா மட்டும் ரோட்டு ரோட்டாகப் போக வேண்டும். அங்கே கொழும்புக்குப் போக ஆமி பாஸ் தரும் வரைக்கும் எவ்வளவு காலம் கிடக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. வழியிலுள்ள கடை எதிலும் ஸ்ரெல்லா கை நனைக்க முடியாது. அவளுக்கு என்று ஒரு பொதி கட்ட வேண்டும். செபஸ்தியம்மாவுக்கு அப்போது ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எதையும் மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய்த்தான் பார்ப்பாள்.

பஞ்சலிங்கத்தின் பெண்சாதி குணலட்சுமி, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு நிறைந்த ஒரு கடகத்தோடு வந்தாள்.

"புழுக்கொடியல் கொண்டு வந்தனான் ஆச்சி. கன நாளைக்குக் கிடக்கும்."

செபஸ்தியம்மா ஒன்றை எடுத்து மணந்தாள். "எதிலை காயவிட்டது பிள்ளை? கருவாடு போட்ட பாயிலையோ?"

"ஐயோ, எங்கடை வீட்டிலை கருவாடு ஏது? நாங்கள் மச்சம் தொடாத ஆக்கள்."

"குறை நினையாதை. குருநகரிலை கருவாட்டுக்கும் றாலுக்கும் ஒரே பாய்தான். அதுதான் கேட்டனான்."

குணலட்சுமி குறை நினைக்கவில்லை. "எங்கடை எண்ணெய்ச் சட்டி ஒருநாளும் மச்சம் கண்டதில்லை ஆச்சி. நான் முறுக்கும் பயத்தம்பணியாரமும் சுட்டுத் தாறன். நீங்கள் பக்கத்திலை வந்து இருந்து பாருங்கோ" என்றாள்.

செபஸ்தியம்மா போய் இருந்தாள். தேங்காய் எண்ணெய் யானை விலை விற்ற காலம் அது. அப்படியிருந்தும் குணலட்சுமி புதுப்போத்தலை உடைத்தாள். கிழவி போத்தலை வாங்கி மணந்தாள், வடித்துணியை மணந்தாள், கடைசியில் திருப்திப்பட்டுத் தானே முறுக்கு உரலைப் பிழிந்தாள். பஞ்சலிங்கம் தோட்டத்தில் இதரை வாழைக் குலை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து, ஒரு சீப்பு பழுத்தது, ஒரு சீப்பு செங்காய், ஒரு சீப்பு முழுப்பச்சை என்று பிரித்து வைத்தார்.

"முன்னுக்குப் பழுத்ததை முடியுங்கோ. அது முடிய மற்றது பழுத்திடும். தோலை உரிக்கும்வரைக்கும் ஒருத்தற்றை கையும் படாது பிள்ளை, இதைப்போல பயணத்துக்கு வேறை ஒண்டும் இல்லை."

பணிஸ் வேண்டாம், பேக்கரித் தட்டில் றால் வைத்த பணிஸும் பக்கத்தில் கிடக்கும். வறுத்த கடலை வேண்டாம், எந்தச் சட்டியில் வறுத்தார்களோ. சின்னப் பனங்கட்டிக் குட்டான் போடலாம். அவித்த முட்டை முதல் நாளைக்கு மட்டும். இப்படி மூன்று பெண்களும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பன்புல் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்க, அடைக்கலநாதன் சுவரில் சாய்ந்தபடி இளைத்து இளைத்துச் சிரித்தான்.

"வருத்தக்காரன் நான். பொதி அவளுக்கு."

"உனக்கு என்னடா, நீ கல்லைத் திண்டாலும் செமிக்கும்" என்றாள் தாய். சொல்லிவிட்டு, அவன் முகத்தைத் தன் நல்ல கண்ணால் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளாலியில் பின்னேரம் வள்ளம் வெளிக்கிட்டது. கடல் தண்ணீர் தெறித்து முகத்தில் பட்டபோது அடைக்கலநாதன் உதட்டை நக்கிப் பார்த்தான். "கன காலம்" என்றான். மற்றக் கரையில் இறங்கி, உழவு யந்திரத்திலும் வான் வண்டியிலுமாக மாறி மாறிப் போய் வவுனியா எல்லையைத் தொட்டபோது, அவனுடைய இரண்டு காலும் வீங்கியிருந்தன. அங்கே அவர்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விசாரித்து முடிய பாஸ் வரும், அதுவரைக்கும் இருங்கள் என்றார்கள். வருத்தக்காரர் என்று டொக்டர் தந்த துண்டைக் காட்டினால், இங்கே எல்லாரும் வருத்தக்காரர்தான் என்று பதில் வந்தது.

பக்கத்துப் பாயில் சண்டிலிப்பாயைச் சேர்ந்த நல்லம்மா என்ற பெண் இருந்தாள். கொழும்பிலுள்ள மகளிடம் போகிறவள், நல்ல வாய்க்காரி. வந்த அன்றே தன் பையைத் திறந்து தட்டைவடையை நீட்டினாள்.

"வேண்டாம் அக்கா" என்றாள் ஸ்ரெல்லா.

நல்லம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஏன், எங்கடை கையாலை தின்னமாட்டியளோ?"

ஊர் ஊராய், சாதி சாதியாய்ப் பிரிந்து கிடக்கிற மண்ணில் அந்தக் கேள்விக்குப் பல அர்த்தம் இருந்தது. ஸ்ரெல்லாவுக்கு முகம் சிவந்தது. அடைக்கலநாதன்தான் மூச்சை இழுத்து இழுத்து றால் கதையை முழுக்கச் சொன்னான். மடுவுக்குப் போன கதையையும் சொன்னான். நல்லம்மா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "கடற்கரைச் சனத்துக்கு றால் எதிரியோ! கடவுளே!" என்று சொல்லிவிட்டு, தட்டைவடையை எடுத்துக்கொண்டு தூரப்போய் இருந்து தின்றாள். அன்றிலிருந்து அவள் ஸ்ரெல்லாவுக்கு ஒரு காவல்.

மண்டபத்துக்குத் தினமும் சோற்றுப் பார்சல் வரும். சோறு, பருப்பு, மேலே ஒரு பிடி கூனிச் சம்பல். கூனி என்றால் காய்ந்த பொடி றால். வந்தவர்களுக்கு அந்தச் சம்பல் தேவாமிர்தமாக இருந்தது. பார்சல் பிரிக்கிற நேரம் ஸ்ரெல்லா பொதியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். வாழைப்பழம் ஒன்று, முறுக்கு இரண்டு, தண்ணீர். புருசனுக்கும் பழத்தை உரித்து நீட்டுவாள்.

"எனக்குப் பார்சல் காணும். நீ உதை வைச்சுச் சாப்பிடு. எத்தினை நாளோ தெரியாது."

"உங்களுக்கு உப்பும் உறைப்பும் கூடாதெண்டெல்லோ டொக்டர் சொன்னவர்? பழத்தைச் சாப்பிடுங்கோவன்."

"நான் உன்ரை பழத்தைத் திண்டால் நீ என்னத்தைத் தின்னுவாய்? எனக்குக் கடை இருக்கு. உனக்கு அந்தப் பை மட்டுந்தான் கடை."

அவள் வற்புறுத்தினால் வாங்கித் தலைமாட்டில் வைப்பான். கொஞ்ச நேரத்தில் அது திரும்பப் பொதிக்குள் இருக்கும்.

பார்சல் தின்று முடிந்ததும் அவன் எழும்புவான். குழாயடி மண்டபத்துக்குப் பின்னால், மைதானத்துக்கு அங்கால் இருந்தது. நின்று நின்று, சுவரைப் பிடித்து, மரத்தைப் பிடித்து அவ்வளவு தூரமும் போய், சவுக்காரத் துண்டால் கையையும் வாயையும் கழுவிவிட்டு, போனதை விட மெல்லத் திரும்பி வருவான். வந்து பாயில் இருந்து கொஞ்ச நேரம் கதைக்க முடியாமல் நெஞ்சு அடித்து ஓயும். ஓய்ந்த பிறகு அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வான்.

ஒருநாள் ஸ்ரெல்லாவுக்குக் கோபம் வந்தது. "நான் வாளியிலை தண்ணி கொண்டு வாறன். இல்லாட்டி கழுவாமல் இருங்கோ. ஏன் இப்பிடி நடந்து சாகிறியள்?"

"வாளித் தண்ணியிலை அந்த மணம் போகாது. பாயிலையும் ஊத்துப்படும்."

"அப்ப என்னைத் தொடாமல் இருங்கோ."

அவன் சிரித்தான். "அதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனான்?"

பழுத்த சீப்பு முடிந்தது. செங்காய்ச் சீப்பும் பழுத்துத் தோல் கறுக்கத் தொடங்கியது. பாஸ் வரவில்லை. ஒரு நாள் காலை அவனுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்ரெல்லா வாசலில் நின்ற உத்தியோகத்தரிடம் கும்பிட்டுக் கேட்டாள். மத்தியானத்துக்குள் ஒரு வாகனத்துக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றார் அவர். மத்தியானம் பார்சல் வந்தது. வாகனம் வரவில்லை. "எதையாவது தின்னுங்கோ தம்பி, தெம்பு வேணும்" என்று நல்லம்மா சோற்றைக் குழைத்து ஊட்டிவிட்டாள். நாலு வாய் தின்றான். சம்பலும் அதோடு போனது.

அன்று அவனால் குழாயடிக்கு எழும்ப முடியவில்லை. நல்லம்மா ஈரத் துவாயால் வாயைத் துடைத்துவிட்டாள். ஸ்ரெல்லா வாசலிலிருந்து ஓடி வந்து பக்கத்தில் இருந்தபோது, அவன் தன் இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டி, அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டான்.

"கழுவேல்லை" என்றான்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். வெளியே வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எழும்பிப் பார்த்தாள். மூன்றாம்தரமோ நாலாம்தரமோ எழும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவனுடைய தலை சுவரில் இருந்து தோளுக்குச் சரிந்திருந்தது. கண் அரைவாசி திறந்திருந்தது. ஒளித்து வைத்திருந்த கைகள் அவிழ்ந்து மடியில் கிடந்தன.

ஸ்ரெல்லா கூப்பிட்டாள். உலுக்கினாள். பிறகு விளங்கியது.

அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லாமல் இல்லை. அவன் என்ன தின்றான், அந்தக் கையிலும் வாயிலும் என்ன இருக்கிறது என்பதெல்லாம் நல்லாய்த் தெரியும். பதினொரு வருடம் ஒவ்வொரு நாளும் அவன் கழுவிக் கழுவிக் காப்பாற்றின உடம்பு அது. தெரிந்துகொண்டுதான் அவள் அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தோடு சேர்த்தாள். நெற்றியிலும் கண்ணிலும் வாயிலும் முத்தமிட்டுக் கொஞ்சினாள். அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். நல்லம்மா இழுத்துப் பார்த்தாள், ஏலவில்லை.

முகம் வீங்கியதை யாரும் முதலில் கவனிக்கவில்லை. புருசன் செத்தவளின் முகம் வீங்காமல் என்ன செய்யும் என்று நினைத்தார்கள். குரல் கரகரத்ததை ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டினது என்று நினைத்தார்கள். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்த பிறகுதான் நல்லம்மாவுக்குப் பொறி தட்டியது. "ஐயோ, றால்! றால்!" என்று மண்டபம் அதிரக் கத்தினாள். ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்போதுதான் அடைக்கலநாதனுக்கென்று சொன்ன வாகனம் வாசலில் வந்து நின்றது. அதில் ஸ்ரெல்லாவை ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். கண்மடல் இரண்டும் மூடிப்போய், ஊசிக்கு மேல் ஊசி ஏற்றிக் கிடந்தவளுக்கு இரவும் பகலும் தெரியவில்லை. தெளிந்து எழும்பியபோது நல்லம்மா பக்கத்தில் இருந்தாள்.

"அவர் எங்கை?"

நல்லம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். வெக்கைக்குப் பிரேதத்தை வைத்திருக்க முடியவில்லை. பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லிக் காலையில் அடக்கம் செய்துவிட்டார்கள். மண்டபத்து ஆட்கள் கொஞ்சப்பேரைச் சுவாமி பொறுப்பெடுத்துக் கூட்டிப் போனார். "உனக்குப் பதிலாய் நான் மண் போட்டனான் பிள்ளை. நான் சைவக்காரி, பிழையோ சரியோ தெரியாது, போட்டனான்."

ஸ்ரெல்லா அவளுடைய கையைப் பிடித்து அந்த மண் பட்ட விரல்களைப் பார்த்தாள். அழவில்லை. கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஊருக்குள் போகிற பாஸ் அவளுக்கு இல்லை என்றார்கள். கொழும்புக்குப் போக இனி அவளுக்கு ஒரு அலுவலும் இல்லை. மிச்சப் பொதியைத் தந்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள்.

திரும்புகிற வழி முழுக்க அவள் ஒன்றும் தின்னவில்லை. பச்சையாகக் கட்டின கடைசிச் சீப்பு அப்போதுதான் மஞ்சள் பிடித்திருந்தது. வள்ளத்தில் பக்கத்தில் இருந்த ஒரு தாய், பிள்ளைக்கு ஒன்று தரமுடியுமோ என்று கேட்டாள். ஸ்ரெல்லா முழுச் சீப்பையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

நீர்வேலிக் கொட்டிலுக்கு அவள் தனியே வந்ததைப் பார்த்ததும் செபஸ்தியம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. விழுந்து அடித்து அழுதாள். குணலட்சுமியும் அயலும் கூடியது, கலைந்தது. எல்லாரும் போன பிறகு, இரண்டு பேரும் அடுப்படியில் இருந்தபோது, ஸ்ரெல்லா வழி முழுக்க நெஞ்சுக்குள் வைத்திருந்ததை வெளியில் விட்டாள்.

"மாமி, நான் அவருக்கு மண் போடேல்லை."

கிழவி நிமிர்ந்தாள்.

"என்னிலைதான் பிழை. அவர் கூனிச் சம்பல் திண்டிருந்தவர். தெரிஞ்சுகொண்டும் முகத்திலை முகம் வைச்சிட்டன். அதாலை ஆஸ்பத்திரியிலை கிடந்தன். அதுக்குள்ளை அடக்கிப்போட்டினம். நான் கொஞ்சம் பொறுத்திருந்தால் கடைசிமட்டும் கூட நிண்டிருக்கலாம். உங்கடை பிள்ளையை ஆரோ கண்டறியாத சனத்திட்டை விட்டிட்டு வந்திட்டன் மாமி."

அடுப்பில் விறகு சரிந்தது. செபஸ்தியம்மா அதைத் தள்ளிவிட்டாள். பிறகு, "கொஞ்சினியோ?" என்று கேட்டாள்.

"ஓம் மாமி."

"முகத்திலையோ?"

"ஓம்."

"காணும் மோனை, அது போதும்" என்றாள் கிழவி. "அழுது முடிய நான் உன்னைக் கேக்க இருந்தது அதைத்தான். ஆர் என்ரை பிள்ளையைக் கொஞ்சி அனுப்பினது எண்டு. மண் ஆரும் போடுவினம்."

அவள் நகர்ந்து வந்து மருமகளின் முகத்தைத் தடவினாள். வீக்கம் வற்றியிருந்தாலும் கண்ணுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. பார்வை சரியில்லாதவள் அதை விரலால்தான் கண்டாள். அந்த முகத்தைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, அன்றைக்குத்தான் பரந்தன் கடையையும் அந்த வடையையும்பற்றி முதன்முதலாகக் கதைத்தாள். "நான் தெரிஞ்சுதான் தந்தனான் பிள்ளை. சும்மா செல்லம் கொட்டுறாய் எண்டு நினைச்சன்" என்றாள். ஸ்ரெல்லா, "தெரியும் மாமி" என்றாள்.

சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. வவுனியாப் பாதை அவர்களுக்கு இல்லாமல் போனது. ஐப்பசியில் ஒரு பின்னேரம், ஆமி நெருங்கிவிட்டது, வலிகாமம் முழுக்க உடனே வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பஞ்சலிங்கம் குடும்பம் முன்னுக்குப் போய்விட்டது. ஸ்ரெல்லா மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு நடந்தாள். மழை கொட்டியது. நாவற்குழிப் பாலத்தில் சனம் அசைய முடியாமல் நின்று நின்று நகர்ந்தது. வழியில் தென்மராட்சிச் சனம் வாளிகளில் கஞ்சி வைத்துக் கொடுத்தது. கிழவி எட்டி வாங்கி, மணந்து, முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மருமகளுக்குக் கொடுத்தாள்.

சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு மாங்காணியில், நாலு தடியில் கட்டின பொலித்தீனுக்குக் கீழே அவர்களுக்கு இடம் கிடைத்தது. வந்து சேர்ந்து மூச்சு விடுவதற்குள் கல்லறைத் திருநாள் வந்தது. குருநகர்ச் சனத்தில் அங்கே ஒதுங்கியிருந்த கொஞ்சப்பேர் மெழுகுதிரி ஏதும் கிடைக்குமோ என்று தேடிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களின் கல்லறைகள் எல்லாம் பாலத்துக்கு அங்கால் விடுபட்டுப் போயிருந்தன. ஸ்ரெல்லா எங்கேயோ ஒரு துண்டுத் திரி வாங்கிக்கொண்டு வந்தாள். மழை விட்டபாடில்லை. கொளுத்தக் கொளுத்த நூர்ந்து அணைந்தது.

"பிள்ளை, வவுனியா எந்தப் பக்கம்?" என்று செபஸ்தியம்மா கேட்டாள்.

ஸ்ரெல்லா மாமியின் தோளைப் பிடித்து மெல்லத் தெற்குப் பக்கம் திருப்பி விட்டாள். அந்தப் பக்கம் மாமரங்களும் அதற்கு மேல் கறுத்த வானமும்தான் இருந்தன. கிழவி செபமாலையை எடுத்தாள். ஸ்ரெல்லா நூர்ந்த திரியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் முழந்தாளிட்டாள். செபம் முடியும் வரைக்கும் பொலித்தீனிலிருந்து தண்ணீர் அவளுடைய ஒரு தோளில் வடிந்துகொண்டே இருந்தது. அவள் விலகவில்லை.